தையல் சந்தேகம் கேளுங்க: துணியில வெட்டின நிழல் முகமும் அதோட பின்பக்கமும்

ரெண்டு இதழுக்கு முன்னாடி சில்லவுட் படம் பத்தி எழுதியிருந்தேன், ஞாபகம் இருக்கும். ஆள பக்கவாட்டுல உக்கார வச்சு ஃபோட்டோ எடுத்து, நெத்தி மூக்கு உதடு தாடை கழுத்துன்னு வெளிக்கோட்ட மட்டும் அடர் நிறத் துணியில வெட்டி, வெளிர் துணி மேல வச்சு தைக்கறது. கண்ணு கிடையாது, புருவம் கிடையாது, வெறும் நிழல், ஆனா வீட்டு ஆளுங்க பாத்ததும் "அட, நம்ம பெரியம்மா"ன்னு சொல்லிருவாங்க. அதுக்கு வந்த கேள்விங்கள பாத்தா வெட்டற வரைக்கும் எல்லாரும் ஜோரா பண்ணியிருக்கீங்க, மாட்டற எடத்துலதான் மாட்டிக்கிட்டீங்க. அதனால இந்த தடவை முழுக்க அதுதான். கிருஷ்ணகிரி பழையபேட்டையில தையல் மெஷின் முன்னாடி உக்காந்துகிட்டு ஜாக்கெட் டெலிவரிக்கு நடுவுல எழுதறேன், அங்கங்க தாவினா பொறுத்துக்கோங்க.

பாலக்கோடு வாசகி: அக்கா, எங்கம்மா போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. அவங்க கட்டின கருநீல காட்டன் புடவையிலயே அவங்க முகத்த வெட்டி காடா துணி மேல வச்சேன். மூக்கு நுனியிலயும் உதட்டுகிட்டயும் நூல் நூலா பிரிஞ்சு வந்துச்சு. கடையில குடுத்து ஜிக்ஜாக் போட்டா, அம்மா மாதிரியே இல்ல, யாரோ மாதிரி ஆயிருச்சு. புடவையில இன்னும் ஒரு முழம்தான் மிச்சம். திதிக்குள்ள முடிக்கணும், என்ன பண்றது?

மொதல்ல அந்த ஒரு முழத்துல கத்திரி வைக்காதீங்க கண்ணு, பத்திரமா மடிச்சு வைங்க, அதுக்கு கடைசியில வரலாம்.

ஜிக்ஜாக் போட்டது தப்பில்ல, அகலம்தான் தப்பு. நைட்டி ஓரத்துக்கும் தலைகாணி உறைக்கும் போடற அதே அளவுல, நாலஞ்சு மில்லிமீட்டர் அகலத்துல ஓட்டியிருப்பாங்க. உங்க படத்துல மூக்கு மொத்தமே முக்கா இன்ச் நீட்டிக்கிட்டு இருக்கும், அது மேல ரெண்டு பக்கமும் நூல் தடிச்சா மூக்குக்கும் மேல் உதட்டுக்கும் நடுவுல இருக்கற அந்த சின்ன பள்ளம் ரொம்பிப் போயிரும், கீழ் உதட்டுக்கும் தாடைக்கும் நடுவுல இருக்கற பள்ளமும் அப்படியே. நிழல் முகத்துல ஆள அடையாளம் காட்டறதே அந்த ரெண்டு பள்ளம்தான். அது போச்சுன்னா அம்மாவும் போயிட்டாங்க, பக்கத்து வீட்டுக்காரம்மா வந்து உக்காந்துக்குவாங்க.

இப்ப இருக்கறத காப்பாத்த பாக்கலாம். படத்த பின்பக்கமா திருப்புங்க, பாபின் நூல் தெரியும், தையல் பிரிக்கற கொக்கி இருந்தா அதுல, இல்லேன்னா புது பிளேடுல, நாலு தையலுக்கு ஒன்னுன்னு அந்த கீழ் நூல மட்டும் அறுத்துக்கிட்டே போங்க. முன்னாடி இருக்கற நூல் இழுத்தா முழுசா உருவிக்கிட்டு வந்துரும். முன்பக்கம் பிளேட கொண்டு போகவே வேணாம், புடவைத் துணி பழசு, நூலோட சேந்து அதுவும் கிழியும். பிரிச்சதும் ஊசி ஓட்டை வரிசையா தெரியும், லேசா தண்ணி தெளிச்சு மேல ஒரு மல் துணி போட்டு இஸ்திரி பெட்டிய வச்சு எடுத்தீங்கன்னா காட்டன்ல பாதி ஓட்டை மூடிக்கும்.

ஆனா ஓரம் ஏற்கனவே ரொம்ப பிரிஞ்சு போயிருந்தா அந்த முகத்த மறந்துட வேண்டியதுதான், புதுசா வெட்டணும். அதுக்கு ரெண்டு பக்கமும் ஒட்டற ஃபியூசிங் வாங்குங்க. தையல் சாமான் கடையில சும்மா "ஒட்டற கேன்வாஸ்"னு கேட்டா சட்டைக் காலருக்கு வைக்கறத குடுத்துருவாங்க, அது ஒரு பக்கம்தான் ஒட்டும், நமக்கு ஆகாது. ஒரு பக்கம் பேப்பர் ஒட்டியிருக்கும், உரிச்சா கீழ பசை இருக்கும், அதுதான் வேணும். புடவைத் துணிய தண்ணியில அலசி கஞ்சி போக காய வச்சு, உள்பக்கத்துல இத வச்சு இஸ்திரி போட்டு ஒட்டுங்க, ஆறட்டும், அப்புறமா பேப்பர் மேல முகத்த வரைஞ்சு பேப்பரோட சேத்து வெட்டுங்க. துணியோட இழைங்க எல்லாம் பசையில பிடிச்சுக்கும், பிரியவே பிரியாது. ஒன்னு மட்டும் ஞாபகம் வைங்க, பேப்பர் துணியோட உள்பக்கம் இருக்கு, அதனால அம்மா கடைசியில வலது பக்கம் பாக்கணும்னா வரையும்போது இடது பக்கம் பாக்கற மாதிரி வரையணும். நான் மொத தடவை பண்ணப்ப இத மறந்து, மாமனார் சுவத்துல பொண்டாட்டிக்கு முதுக காட்டிக்கிட்டு இருந்தாரு. உசிரோட இருந்தப்பவும் அப்படித்தான்னு அத்தை சொன்னாங்க, அது வேற கதை.

வெட்டும்போது கத்திரிய திருப்பாதீங்க, துணிய திருப்புங்க, கத்திரி ஒரே எடத்துல நிக்கட்டும். உதட்டுகிட்ட வரும்போது சின்ன எம்ப்ராய்டரி கத்திரிக்கு மாறிக்கோங்க. அப்புறம் பேப்பர உரிச்சு காடா துணி மேல வச்சு, பெட்டிய தேய்க்காம தூக்கி தூக்கி வச்சு ஒட்டுங்க, தேய்ச்சா மூக்கு நகந்துரும். கடைசியா கைத்தையல். எம்ப்ராய்டரி நூல் 6 இழை முறுக்கி இருக்கும், அதுல ஒரே ஒரு இழை உருவி, புடவை நிறத்துக்கு சரியா சேர்ற நூல்ல, ஓரத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உள்ள ஊசி எடுத்து ஓரத்த ஒட்டினாப்புல கீழ எறக்கி, சின்னச் சின்னதா, ரெண்டு மில்லிமீட்டருக்கு ஒன்னு. காஜா தையல் வேணாம், அதுல ஓரத்துல நூல் கோடு மாதிரி நிக்கும். ஒரு சாயங்காலம் ஆகும், அவ்வளவுதான். அம்மா மூக்குத்தி போட்டிருந்தாங்கன்னா மூக்கு மடல் எடத்துல ஒரே ஒரு தங்க நிற முடிச்சுத் தையல் வைங்க. ஒன்னே ஒன்னு. கம்மலு, சங்கிலி, கொண்டையில மல்லிப்பூன்னு ஆரம்பிச்சீங்கன்னா நிழல் போயி பொம்மை ஆயிரும்.

அந்த ஒரு முழத்த தொடறதுக்கு முன்னாடி இதே வேலைய ஒரு பழைய ஜாக்கெட் துண்டுல ஒரு தடவை பண்ணிப் பாருங்க.

அரூர் வாசகி: எம்ப்ராய்டரி வளையத்துலயே அப்படியே விட்டு மாட்டிரலாமா அக்கா?

மாட்டலாம். கண்ணாடி இல்லாததால தூசி பிடிக்கும், மத்தபடி அழகுதான். வளையத்த சுத்தி ஒரு இன்ச் துணி விட்டு வெட்டி, ஓரத்துல ஓட்டுத் தையல் போட்டு சுருக்குப் பை மாதிரி இழுத்து முடிச்சு போட்டு, பின்னாடி வட்டமா ஒரு ஃபெல்ட் துணி வச்சு தைங்க. பசை போட்டு மடக்கி ஒட்டறவங்க இருக்காங்க, ஒரு வருஷம் கழிச்சு முன்பக்கம் மஞ்சளா வளையம் தெரியும்போதுதான் வருத்தப்படுவாங்க. மேல இருக்கற திருகு இரும்பா இருந்தா அது துணியில படாம பாத்துக்கோங்க, துரு கறை போகவே போகாது.

ஊத்தங்கரை வாசகி: என் பையனுக்கு ஒன்றரை வயசு. அவன் முகத்த கருப்புத் துணியில வெட்டி ஹால்ல மாட்டினேன். மாமியார் பாத்துட்டு "உசிரோட இருக்கற புள்ளைய கருப்பா வெட்டி மாட்டுவாங்களா, அபசகுனம்"னு கழட்டி பீரோ மேல வச்சுட்டாங்க. என்ன சொல்லி சமாளிக்கறது?

சமாளிக்காதீங்க, மாமியார்கிட்ட ஒன்னு கேளுங்க. புள்ள கன்னத்துல கண்ணு படாம இருக்க தினமும் ஒரு பொட்டு வைக்கறாங்களே, அது என்ன நிறம்? விளக்குக் கரியில செஞ்ச மை. அந்த காலத்துல வெள்ளைக்காரங்க ஊர்லயும் இந்த நிழல் படத்த விளக்குக் கரியில வரைஞ்சவங்க இருந்தாங்க. அப்ப ஃபோட்டோ கிடையாது, ஓவியர்கிட்ட உக்காந்து படம் வரைஞ்சுக்க காசு இல்லாதவங்களுக்கு இதுதான் ஃபோட்டோ. சில்லவுட்ங்கற பேரே அப்படி வந்ததுதான். எத்தியென் த சிலூவெத்னு ஒருத்தரு, 1759ல பிரான்ஸ் ராஜாவுக்கு சில மாசம் மட்டும் நிதி மந்திரியா இருந்தாரு. செலவ சுருக்குங்கன்னு சொல்லி பணக்காரங்க மேல வரி போடப் போயி பதவிய இழந்தாரு, அதோட மலிவா சிக்கனமா இருக்கற எதுக்கும் அவரு பேர வச்சு கிண்டல் பண்ண ஆரம்பிச்சுட்டாங்க, இந்த கருப்புப் படத்துக்கு அது ஒட்டிக்கிச்சு. ஆக கருப்பு துக்கத்துக்காக இல்ல, சிக்கனத்துக்காக.

இத சொல்லியும் அவங்க முகம் மாறலேன்னா விட்டுருங்க, பெரியவங்க மனசு நோக சுவத்துல ஒரு படம் வேணுமா என்ன. நிறத்த மாத்துங்க. அரக்கு, மயில் கழுத்து பச்சை, கருநீலம், எது வேணாலும் போடலாம், பின்னணியவிட நல்லா அடர்த்தியா இருந்தா போதும். கண்ண லேசா சுருக்கி பாருங்க, அப்பவும் மூக்கு தனியா தெரிஞ்சா அந்த ஜோடி சரி. இல்ல தலைகீழாவே பண்ணுங்க, அடர் துணி மேல வெள்ளை முகம். நம்ம பர்கூர் பக்கம் மல்லப்பாடி பாறையில பழங்காலத்து ஆளுங்க வெள்ளை நிறத்துல குதிரை மேல ஆள வரைஞ்சு வச்சிருக்காங்க, அதுலயும் கண்ணு மூக்கு கிடையாது, வெறும் வடிவம்தான், பாத்ததும் குதிரை, மனுஷன், சண்டைன்னு புரியுது.

பர்கூர் வாசகர்: நான் ஆம்பள, தையல்ல புதுசு, துணிக்கடையில வேலை, கட் பீஸுக்கு பஞ்சமில்ல. கருப்ப வெட்டி வெள்ளை மேல வைக்காம, வெள்ளைத் துணியில முகத்த ஓட்டையா வெட்டி எடுத்துட்டு அடியில கருப்பு வச்சா என்ன?

தம்பி, நல்லா கேட்டீங்க, இது தெரியாத பாதி பேரு இருக்காங்க. அமெரிக்காவுல பில்டெல்பியாவுல பீல்னு ஒருத்தரு மியூசியம் வச்சிருந்தாரு, அங்க 1800க்கு அப்புறம் மோசஸ் வில்லியம்ஸ்னு ஒரு கருப்பின ஆளு, அந்த வீட்டுலயே அடிமையா இருந்து விடுதலை ஆனவரு, வர்றவங்களுக்கு எல்லாம் இப்படித்தான் காகிதத்துல நடுவ வெட்டி எடுத்து அடியில கருப்பு வைக்கற மாதிரி படம் பண்ணிக் குடுத்தாரு. வெட்டி விழுந்த நடு பாகத்துக்கு அங்க "மரமண்டை"ன்ற அர்த்தத்துல ஒரு பேரு, அத தூக்கி போட்டுருவாங்க.

துணியில இதுக்கு ஒரு வசதி, ஒரு வம்பு. வசதி என்னன்னா கருப்புத் துணி ஒரே துண்டா அடியில கிடக்குது, ஓரமே இல்ல, பிரியறதுக்கு வழியே இல்ல. வம்பு என்னன்னா மேல வெள்ளை ஓரம் பிரியும், அதோட மெல்லிசு வெள்ளையா இருந்தா அடியில இருக்கற கருப்பு முழுக்க சாம்பலா தெரியும். அதனால மேல் துணி கெட்டியா, பாப்ளின விட தடிச்சதா எடுங்க, அதுக்கு அடியில சட்டைக்கு வைக்கற ஒரு பக்கம் ஒட்டற வெள்ளை கேன்வாஸ் ஒட்டிட்டு வெட்டுங்க. புதுசா பண்றவங்களுக்கு நான் இத சொல்லுவேன், ஆனா ஓரத்த மடக்கி தைக்கப் பாக்காதீங்க, மூக்கு எடத்துல மடிப்பு உக்காராது. இன்னொன்னு, அடியில வைக்கற கருப்புத் துணி சாயம் விடுதான்னு நனைச்ச வெள்ளைத் துணியால நல்லா தேய்ச்சு பாத்துட்டு வைங்க. கட் பீஸ்னு சொல்றீங்க, அதுல எது எந்த லாட்டோ.

தர்மபுரி வாசகி: படம் நல்லா வந்துச்சு. ஃபிரேம் கடையில குடுத்தேன், ஹார்ட்போர்டுல வச்சு சுத்தியும் டேப் ஒட்டி கண்ணாடி போட்டு குடுத்தாங்க. பத்தே நாள்ல கழுத்துகிட்ட அலை அலையா சுருக்கம், தாத்தா கோணலா சாஞ்சுட்டாரு. திரும்ப குடுத்தா "துணி அப்படித்தான் இருக்கும்மா"ன்றாங்க.

அவங்கள கோவிச்சுக்காதீங்க, அவங்க கைக்கு ஃபோட்டோவும் சாமி படமும்தான் பழக்கம். காகிதத்த விட துணி ரொம்ப அசையும். மழை வந்தா விரியும், வெயில் அடிச்சா சுருங்கும், டேப்பு அந்த இழுப்புக்கு தாங்காம கொஞ்சம் கொஞ்சமா வுட்டுரும். துணிய அட்டையில ஒட்டக் கூடாது, கட்டணும். கயித்துக் கட்டில் பின்னற மாதிரின்னு வச்சுக்கோங்க.

இத நீங்களே வீட்டுல பண்ணிட்டு அப்புறம் கடைக்கு கொண்டு போங்க. ஃபிரேமோட உள் அளவவிட 3 மில்லிமீட்டர் கம்மியா அட்டைய வெட்டுங்க, துணி மடிஞ்சு உக்கார எடம் வேணும். துணி நாலு பக்கமும் 2, 3 இன்ச் மிச்சம் இருக்கணும், முகத்துக்கு ஒட்டி வெட்டிட்டு வந்து நிக்கறவங்களுக்கு என்கிட்ட மருந்து இல்ல, சுத்தியும் வேற துணி வச்சு தைச்சுத்தான் நீட்டணும். அட்டையோட நாலு பக்கமும் நடுவுல ஒரு பென்சில் கோடு, துணியோட நாலு பக்கமும் நடுவுல ஒரு கோடு. ரெண்டையும் சேத்து வச்சு, அட்டையோட பக்கவாட்டு விளிம்புல குண்டூசி குத்துங்க. நடுவுல இருந்து மூலைக்குப் போங்க, மூலையில இருந்து நடுவுக்கு வந்தா சுருக்கம் எல்லாம் நடுவுல வந்து சேரும். குத்தும்போதே நிமுந்து முன்பக்கம் பாத்துக்கிட்டே இருங்க, காடா துணியில இழை ஓடுதுல்ல, அது அட்டை விளிம்புக்கு நேரா ஓடணும், அந்த இழை சாஞ்சுதுன்னா தாத்தாவும் சாஞ்சுருவாரு.

நாலு பக்கமும் குத்தினதும் கவுத்துப் போட்டு, பட்டன் தைக்கற கெட்டி நூல்ல மேல் மடிப்புல ஒரு ஊசி, கீழ் மடிப்புல ஒரு ஊசின்னு மாத்தி மாத்தி கட்டில் பின்னற மாதிரியே இழுங்க. இதுலயும் நடுவுல ஆரம்பிச்சு ஒரு ஓரத்துக்கு போய்ட்டு, திரும்ப நடுவுக்கு வந்து மறு ஓரத்துக்கு. முடிஞ்சதும் நூல உடனே முடிச்சு போடாம ஒரு தடவை வரிசையா இழுத்து டைட் பண்ணிட்டு அப்புறமா முடிங்க. அதே மாதிரி இடதும் வலதும். மூலைய மடிச்சு ரெண்டு தையல். குண்டூசிய எடுத்துருங்க. விரல்ல தட்டினா தமுக்கு மாதிரி சத்தம் வரணும்னு அவசியமில்ல, ஆனா விரல தடவினா துணி நகரக் கூடாது. என்னைக்காவது துவைக்கணும் மாத்தணும்னாலும் நூல அறுத்தா போதும், படத்துக்கு ஒரு சேதமும் இல்ல. பசையில அந்த வசதி கிடையாது.

அட்டை விஷயம். பழுப்பு நிற மட்டை அட்டை, ஹார்ட்போர்டு, ப்ளைவுட், இதெல்லாம் மரத்துல இருந்து செஞ்சது, அதுல இருந்து வர்ற அமிலம் வருஷக்கணக்குல வெளிர் துணிய பழுப்பாக்கிரும். பழைய நியூஸ் பேப்பர் மஞ்சளாகறது எதனாலயோ அதே கதைதான். அமிலம் இல்லாத மவுண்ட் போர்டு கேளுங்க, பெரிய ஃபிரேம் கடையில வச்சிருப்பாங்க. கிடைக்கலேன்னா அட்டை மேல நல்லா துவைச்ச வெள்ளை காட்டன் ரெண்டு மடிப்பு போட்டுட்டு அதுக்கு மேல படத்த கட்டுங்க, முழுசா தடுக்காது, தள்ளிப் போடும்.

கடைக்காரர்கிட்ட கேக்க வேண்டியது ஒன்னே ஒன்னுதான்: கண்ணாடி துணியில படக் கூடாது. நடுவுல முட்டை வடிவத்துல ஓட்டை வெட்டின மவுண்ட் அட்டைய படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல வச்சா அதுவே இடைவெளி குடுக்கும், நிழல் படத்துக்கு முட்டை வடிவம் பொருத்தமாவும் இருக்கும். இல்லேன்னா கண்ணாடி ஓரத்துல உள்பக்கமா மெல்லிசா மரச் சட்டம் வைக்கச் சொல்லுங்க.

ஓசூர் வாசகி: காலையில பாத்தா கண்ணாடிக்கு உள்ள ஆவி படிஞ்சிருக்கு அக்கா, இப்ப பின்னணித் துணியில சின்ன சின்ன பழுப்புப் புள்ளி வேற.

உங்க ஊர் குளிரு உங்களுக்கு தெரியாததா. வெளிச்சுவர் ராத்திரி சில்லுன்னு ஆகும், படம் சுவத்தோட ஒட்டிக்கிட்டு இருக்கும், உள்ள இருக்கற ஈரக்காத்து கண்ணாடியில தண்ணியா நிக்கும். அதுவும் தண்ணி தெளிச்சு இஸ்திரி போட்ட சூட்டோட ஃபிரேம் போட்டிருந்தா ஈரத்த நீங்களே உள்ள வச்சு பூட்டினதுதான், ரெண்டு நாள் காய விட்டிருக்கணும். அந்தப் புள்ளி பூஞ்சை. ஃபிரேம பிரிச்சு ரெண்டு நாள் நிழல்ல ஃபேனுக்கு அடியில வைங்க, காஞ்சப்புறம் வீட்டுக்கு வெளிய கொண்டு போய் மூக்க கட்டிக்கிட்டு மெத்துன்னு இருக்கற பிரஷ்ல தட்டுங்க. ப்ளீச்சிங் போட்டுராதீங்க, புள்ளியோட சேந்து முகமும் வெளுத்துரும். திரும்ப மாட்டும்போது பாத்ரூம் சுவரும் வெளிச்சுவரும் வேணாம், உள் சுவர். ஃபிரேமுக்கு பின்னாடி கீழ் மூலை ரெண்டுலயும் சின்ன ரப்பர் துண்டு ஒட்டுங்க, பழைய ஹவாய் செருப்புல வெட்டினாலும் சரி, அரை இன்ச் காத்து போகற சந்து கிடைக்கும், பாதி பிரச்சனை அதுலயே தீரும்.

கிருஷ்ணகிரி, தர்மபுரி ஆளுங்களுக்கு ஈரத்தவிட வெயில்தான் எதிரி. மாங்கா சீசன்ல மேற்கு ஜன்னல் வழியா அடிக்கற வெயில்ல கருப்பு செம்பட்டையா ஆயிரும். படம் பண்றதுக்கு முன்னாடியே அந்த துணியில ஒரு துண்டு வெட்டி, பாதிய அட்டையால மூடி ஜன்னல்ல பதினஞ்சு நாள் வைங்க, எடுத்து பாத்தா துணியோட ஜாதகம் தெரிஞ்சுரும்.

கிருஷ்ணகிரி வாசகர்: எங்க வீடு பழைய கல்லு வீடு. ஆணி அடிச்சா ஆணிதான் வளையுது. எவ்வளவு உயரத்துல மாட்டறதுன்னும் சொல்லுங்க.

அண்ணா, நம்ம ஊரு கல்லுல சாதா ஆணி எறங்கினா தான் ஆச்சரியம். ரெண்டு கல்லுக்கு நடுவுல சுண்ணாம்பு காரை பூசின சந்து இருக்கும் பாருங்க, அங்க ட்ரில் போட்டு ப்ளக் வச்சு ஸ்க்ரூ போடுங்க. ஒட்டற கொக்கி வெள்ளையடிச்ச சுவத்துல நிக்காது, சுண்ணாம்போட உரிஞ்சு வந்துரும். நாலஞ்சு படம்னா தனித்தனியா ஓட்டை போடாம ரெண்டு ப்ளக்குக்கு நடுவுல ஒரு மரச்சட்டம் அடிச்சு அதுல இருந்து கயித்துல தொங்க விடுங்க.

உயரத்துக்கு மியூசியத்துல வழக்கமா சொல்ற கணக்கு, தரையில இருந்து படத்தோட நடு பாகம் 57 இன்ச். அது நின்னு பாக்கறவங்களுக்கு. நாம பாய் போட்டு கீழ உக்காந்து பேசற ஹாலுன்னா ஒரு சாண் கீழ எறக்குங்க. நம்ம வீடுங்கள்ல படத்த கதவு நிலைக்கு மேல மாட்டி எல்லாரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பாக்கறது என்ன பழக்கமோ. புருஷன் பொண்டாட்டி ரெண்டு படம்னா ஒருத்தர ஒருத்தர் பாக்கற மாதிரி மாட்டுங்க. ஒரே படம்னா அது மூக்கு நீட்டற பக்கம் கொஞ்சம் எடம் விடுங்க, மூக்குக்கு நேரா சுவிட்ச் போர்டு வேணாம்.

காவேரிப்பட்டணம் வாசகி: மாமனாரோட படம். அமாவாசைக்கு பொட்டு வச்சு மாலை போடறோம், ஊதுவத்தி ஏத்தறோம். துணிக்கு ஆகுமா?

பொட்ட கண்ணாடி மேல வைங்க, துணியில வேணாம், கண்ணாடி இல்லாத வளையத்துல மாட்டின படத்துக்கு பொட்டே வேணாம். குழைச்ச சந்தனமும் குங்குமமும் தண்ணியா வழிஞ்சு கண்ணாடிக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல இருக்கற சந்துல எறங்கும், ஒரு நாள் பாத்தா கீழ் ஓரத்துல ரோஸ் கலர்ல ஒரு கோடு. பொட்டு சின்னதா, கெட்டியா குழைச்சு வைங்க. தொடைக்கும்போது தண்ணிய கண்ணாடியில ஊத்தாம துணிய நனைச்சு பிழிஞ்சு தொடைங்க. பூ மாலை ஈரமா இருக்கும், சாயங்காலமே எடுத்துருங்க. ஊதுவத்திய படத்துக்கு நேர் கீழ வைக்காம தள்ளி வைங்க, அந்த புகை எண்ணெய் பிசுக்கு மாதிரி படியும்.

இதுல இன்னொன்னும் சொல்லணும். மைதா பசை, கஞ்சி எதுவும் படத்துல இருக்கக் கூடாது, ராமபாணப் பூச்சிக்கு அது விருந்து. பூச்சி பின்னாடி வழியாத்தான் வரும், அதனால ஃபிரேமுக்கு பின்னாடி முழுசா பிரவுன் பேப்பர் ஒட்டி மூடச் சொல்லுங்க, கிழிஞ்சா மாத்துங்க.

பென்னாகரம் வாசகி: படத்துல என் பேர எங்க தைக்கறது? முன்னாடி தைச்சா நல்லா இல்ல.

முன்னாடி வேணாம்மா. வெறும் நிழலுக்கு பக்கத்துல எழுத்து வந்தா கண்ணு அங்கதான் போகும். பின்னாடி எழுதுங்க, ஆனா உங்க பேர் மட்டும் போதாது. யாரு முகம், அன்னைக்கு அவங்களுக்கு என்ன வயசு, எந்த ஊர்ல, எந்த தேதியில வெட்டினது, துணி எதுல இருந்து வந்துச்சு, எல்லாத்தையும். பேனாவுல துணி மேல எழுதாதீங்க, மை முன்பக்கம் கசியும். ஒரு வெள்ளை காட்டன் பட்டையில நூலால தைச்சு, பின்பக்க மடிப்புல நாலு தையல் போட்டு வைங்க.

ஒகுஸ்த் எதுவார்னு ஒரு பிரெஞ்சுக்காரர், இங்கிலாந்துலயும் அமெரிக்காவுலயும் ஊர் ஊரா போயி கத்திரியாலயே முகத்த வெட்டினவரு. காகிதத்த ரெண்டா மடிச்சு வெட்டுவாரு, ஒன்னு வந்தவருக்கு, இன்னொன்னு தன் புஸ்தகத்துல ஒட்டி பேரு, ஊரு, தேதி எழுதி வச்சுக்குவாரு. 1849ல அவரு ஊர் திரும்பற கப்பல் கெர்ன்சி தீவுகிட்ட உடைஞ்சு அந்த புஸ்தகத்துல பெரும்பகுதி கடல்ல போயிருச்சு. மிச்சம் தப்பிச்சதுல இருக்கறவங்க யாருன்னு இன்னைக்கும் சொல்ல முடியுதுன்னா அவரு எழுதி வச்ச பேரும் தேதியும்தான் காரணம்.

நான் எழுதலம்மா. என் பசங்க ரெண்டு பேருக்கும் ரெண்டு வயசு வித்தியாசம், ரெண்டு பேரையும் ஒன்றரை வயசுல ஒரே கருப்பு பாப்ளின்ல வெட்டி வச்சேன், தாய்க்கு தெரியாமலா போயிரும்னு பின்னாடி ஒன்னும் எழுதல. வீடு மாத்தும்போது ஒரு ஃபிரேமு தண்ணியில ஊறி கெட்டுப் போச்சு. மிச்சம் இருக்கறது எவன்னு எனக்கே தெரியல. பெரியவனுக்கு இப்ப மீசை வந்தாச்சு, ரெண்டு பேரும் அதுக்கு முன்னாடி பக்கவாட்டுல நின்னு மூக்க காட்டி "நான்தான்"னு இன்னும் சண்டை போட்டுக்கிட்டு இருக்கானுங்க.